எங்க ஊர்ல அதுக்கு அந்தப் பேர்தான்

ரெண்டு பேரும் உள்ள இருக்காங்க தம்பி. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு தியேட்டர்ல என் சம்சாரம், பக்கத்துத் தியேட்டர்ல என் மக. மககிட்ட இருந்து எடுத்துத் தாய்க்கு வைக்கிறாங்க. கிட்னி. காலையில கொண்டுபோனது. மாப்பிள்ளை கீழ மருந்துக் கடைக்குப் போயிருக்காரு, என்னமோ ஊசி வேணும்னு சீட்டுக் குடுத்தாங்க. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? அண்ணனுக்கா. கல்லா. கல்லுன்னா பயப்படாதீங்க, அது இங்க தினம் பத்துப் பேருக்கு எடுக்குறாங்க. என் சம்சாரத்துக்கு வந்தது அப்படி இல்ல. அது செடியால வந்தது.

செடின்னதும் முழிக்கிறீங்க. எல்லாரும் அப்படித்தான் முழிக்கிறாங்க. சின்னச் சின்ன டாக்டர் எல்லாம் கூட்டமா வந்து அவ கட்டிலைச் சுத்தி நின்னு பார்த்துட்டுப் போவாங்க. ஒரு செடிப் பேரு. அதுல வந்த வினை.

நான் கோவில்பட்டி. வி.ஏ.ஓ.வா இருந்து ரிட்டயர்டு ஆனவன், பேரு வேலாயுதம். பொறந்தது விளாத்திகுளத்துக்கு அங்கிட்டு, கரிசல் காடு. வேலை பார்த்ததும் அந்தச் சுத்துப்பட்டுலதான். நான் நஞ்சைன்னு எழுதினா அது நஞ்சை, புஞ்சைன்னு எழுதினா புஞ்சை. கலெக்டரே வந்தாலும் எங்கிட்டத்தான் கேட்கணும். எந்தக் காட்டுல என்ன முளைக்கும், எந்த ஓடையில என்ன கிடக்கும், கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன். செடிகொடின்னா எனக்குக் கொஞ்சம் பைத்தியம். குப்பைமேனியை எங்க ஊர்ல பூனைவணங்கிம்போம். ஆமணக்கைக் கொட்டமுத்துன்னாத்தான் புரியும். ஒரு செடிக்குப் பத்து ஊர்ல பத்துப் பேர் இருக்கு பாருங்க, அது நம்ம செல்வம். ஊர்க் கூட்டத்துலயே இதைப் பேசியிருக்கேன். கை தட்டுனாங்க.

எம் மக எழிலரசி எம்.எஸ்சி. தாவரவியல். நான்தான் படிக்க வெச்சேன். கோயம்புத்தூர்ல விதைப் பரிசோதனை பண்ற இடத்துல வேலை. படிச்சு முடிச்சு வந்த புதுசுல, வாசல்ல நின்ன துத்தியைக் காட்டி என்னமோ ஒரு பேர் சொன்னா. ரெண்டு முழம் நீளம். என்னம்மா இதுன்னேன். "இதாம்ப்பா உலகம் பூராவும் இதுக்குப் பேரு. இதைச் சொன்னா ஜப்பான்காரனுக்கும் இந்தச் செடிதான்னு தெரியும்"னா. ஜப்பான்காரனா வந்து நம்ம வாசல்ல துத்தி பறிக்கப் போறான்னு கேட்டேன். சிரிச்சா. நல்லா சிரிப்பா எம் மக. இப்பத்தான் சிரிக்கிறதில்ல.

விஷயத்துக்கு வாரேன். போன தை மாசம் என் சம்சாரத்துக்கு இருமல். உலகம்மா அவ பேரு. அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக்காரி. வறட்டு இருமல், படுக்க விடல. இங்கிலீஷ் மருந்து குடிச்சா தூக்கம் வருதே தவிர இருமல் நிக்கல. அந்த நேரம் பார்த்து எங்க பென்ஷன்தாரர் சங்கத்துல ஒரு கூட்டம். தஞ்சாவூர்ப் பக்கத்துல இருந்து ஒரு சித்த வைத்தியர் வந்து பேசினாரு. நல்ல பேச்சு. நெஞ்சுச் சளிக்கும் வறட்டு இருமலுக்கும் ஆடுதொடா இலைக் கஷாயத்தை மிஞ்சின மருந்து இல்லைன்னாரு. ஆடு தொடாது, அதான் ஆடுதொடா. நான் எந்திரிச்சு வந்துட்டேன். அதுக்கு மேல என்ன கேட்கணும். எனக்குத் தெரியாத செடியா அது.

எங்க காட்டுல வரப்பு பூராவும் கிடக்கும் தம்பி. தரையில படரும். வட்ட இலை, காம்புகிட்ட உள்வாங்கின மாதிரி இருக்கும். குழல் மாதிரி கருஞ்சிவப்பா ஒரு பூப் பூக்கும், கிட்டப் போனா வாடை. ஆட்டை அவுத்துவிட்டா சுத்தி இருக்கிற அத்தனை புல்லையும் மேயும், இதை மட்டும் மோந்து பார்த்துட்டு விலகிப் போயிரும். ஆடுதொடாப் பாளைம்போம். ஆடுதொடான்னாலும் அதுதான். எங்கப்பா அந்தப் பேர்தான் சொல்லுவாரு. ஊரே அந்தப் பேர்தான் சொல்லும்.

பஸ் ஏறிப் போய் ஒரு சாக்கு நிறையப் பறிச்சிட்டு வந்தேன். கொஞ்சத்தை மாடியில வேட்டி விரிச்சு நிழல்ல காயப் போட்டேன். பச்சையில ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு செம்புத் தண்ணி ஒரு டம்ளரா வத்துற வரைக்கும் கொதிக்க வெச்சு, வடிகட்டி, வெறும் வயித்துல குடுத்தேன். நானே போட்டுக் குடுத்தேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அடுப்படிக்குப் போகாதவன், அவளுக்காகப் போனேன். அதை யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. குடிக்கும்போது மூஞ்சியச் சுளிச்சா, என்னமோ சொன்னா. கசப்புக்கு யாரு மூஞ்சி சுளிக்காம இருப்பா. குடிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே நிப்பேன். இல்லைன்னா வாஷ்பேசின்ல ஊத்திருவா.

குடுக்குறதுக்கு முன்னால நான் மகளைக் கேட்டேன். அதை நல்லாக் கேட்டுக்குங்க. கேட்காமக் குடுக்கல. போன்ல அவளா கேட்டா, "அம்மாவுக்கு என்னப்பா குடுக்குறீங்க"ன்னு.

"ஆடுதொடா"ன்னேன்.

"ஆடாதொடையா? அது நல்லதுதாம்ப்பா. இருமலுக்குக் குடிக்கிறதுதான்"னா. அவ வாயால சொன்னா. அப்புறம், "எதுக்கும் இலையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கப்பா. ஊருக்கு ஊர் பேர் மாறும். சயின்ஸ் பேர் ஒண்ணு இருக்கு, அதை வெச்சு..."ன்னு ஆரம்பிச்சா.

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. "உங்கப்பனுக்குச் செடி தெரியாதா? வெள்ளைக்காரன் பேர் வெச்சாத்தான் அது செடியா?"ன்னு போனை வெச்சுட்டேன்.

படம் அனுப்பல. அவளும் மறுபடி கேட்கல. அவளுக்கு ஆபீஸ்ல ஏதோ ஆய்வு நடந்த நேரம். வேணும்னா மறுநா கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்ல? கேட்டிருக்கலாம்.

மாசியில இருமல் போச்சு. போயே போச்சு. அதை இந்த டாக்டர்கள் ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. பனி விட்டதுனால போச்சாம். போகட்டும். இருமல் போனதுக்கு அப்புறமும் நான் நிறுத்தல, தீரத் தீரப் போய்ப் பறிச்சிட்டு வந்தேன். ரத்தத்தைச் சுத்தம் பண்ணும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க, பாம்புக்கடிக்கே குடுக்குறதுதானே. சித்திரை வாக்குல அவளுக்கு ஒரு அசதி. நடந்தா மூச்சு வாங்குச்சு. சோத்தைக் கண்டாக் குமட்டுச்சு. மூஞ்சி வெள்ளைத் துணி மாதிரி ஆயிருச்சு. வெயில்னு நினைச்சேன். சத்துக் குறைஞ்சு போச்சுன்னு, ஒரு கைப்பிடி போட்டதை ரெண்டு கைப்பிடி ஆக்கினேன்.

அப்படிப் பார்க்காதீங்க தம்பி. நல்லது நினைச்சுத்தான்.

வைகாசி கடைசியில குளிக்கப் போன இடத்துல விழுந்துட்டா. உள்ளூர் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்து, கிட்னி கெட்டிருக்குன்னாங்க. சுகர் இல்ல, பிரஷர் இல்ல, இது எப்படின்னு அந்த டாக்டர் பொண்ணுக்கு ஆச்சரியம். "நாட்டு மருந்து ஏதாவது குடுத்தீங்களா அய்யா?"ன்னு கேட்டுச்சு. "ஆடுதொடா"ன்னேன். மறைக்கல பாருங்க. "ஓ, ஆடாதொடையா, அதுல ஒண்ணும் இல்ல"ன்னு எழுதிக்கிச்சு. டாக்டரே ஒண்ணும் இல்லைன்னாச்சு. வீட்டுக்கு வந்தோம், மறுநா காலையில வழக்கம்போலப் போட்டுக் குடுத்தேன்.

ஆனியில இங்க மதுரைக்குக் கொண்டாந்தோம். முதுகுல ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தாங்க. இங்க இருக்கிற பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இது ஏதோ செடியோட விஷம் மாதிரி தெரியுது. என்ன குடுத்தீங்க?"ன்னாரு. மறுபடி சொன்னேன். அவரு தலையை ஆட்டினாரு. "ஆடாதொடை இப்படிப் பண்ணாது. அந்தச் செடியை ஒரு கொத்துக் கொண்டாந்து காட்டுங்க"ன்னாரு. எனக்குக் கோவம். நான் சொல்றதை நம்பாம, சின்னப் பையனை வீட்டுக்கு அனுப்பிப் புத்தகம் எடுத்துட்டு வரச் சொல்ற மாதிரி. போகல நான்.

எழில்தான் போனா. அம்மாவுக்குத் துணிமணி எடுத்துட்டு வரேன்னு கோவில்பட்டிக்குப் போனவ, காஞ்ச துணி எடுக்க மாடிக்கு ஏறியிருக்கா. அங்க வேட்டி விரிச்சு இலை காயுது. நானும் கூடத்தான் போயிருந்தேன். ரொம்ப நேரமாக் கீழ வரலையேன்னு மேல போனேன். ஒரு கொடியைக் கையில வெச்சுக்கிட்டு வெறுந்தரையில உட்கார்ந்திருக்கா. வெயில்ல தரை கொதிக்குது, அது தெரியல அவளுக்கு.

"இதுவாப்பா?"ன்னா.

"ஆமா. ஆடுதொடா."

"இது ஆடாதொடை இல்லப்பா. அது மரம் மாதிரி நிக்கிற செடி. இது ஆடுதின்னாப்பாளை. இது கிட்னியைக் கொன்னுரும்ப்பா."

"எங்க ஊர்ல இதுக்கு அந்தப் பேர்தான்"னேன்.

அவ போனை எடுத்து மதுரை டாக்டருக்குப் போட்டா. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா. அரிஸ்டலோக்கியா. அந்தப் பக்கம் டாக்டர், "எத்தனை மாசம்?"னு கேட்டாராம்.

இதைத்தான் தம்பி என்னால தாங்க முடியல. நான் மாசக்கணக்கா ஒரு பேர் சொல்லிட்டிருக்கேன், நல்ல தமிழ்ப் பேரு, ஒருத்தனுக்கும் விளங்கல. நம்ம கரிசல் மண்ணைக் கண்ணால பார்க்காத எவனோ வெச்ச பேரை ஒரு தடவை சொன்னா, டாக்டருக்கு எல்லாம் விளங்கிருச்சு. என்ன வியாதி, எவ்வளவு போச்சு, இனி திரும்புமா திரும்பாதா, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில இருக்கு. திரும்பாதாம். கஷாயத்தை நிறுத்தினாலும் கிட்னி அழுகுறது நிக்காதாம். நாளைக்கு மூத்திரக் குழாய்ல கட்டி வந்தாலும் வரலாமாம். இப்ப அந்தப் பேர் எனக்கு மனப்பாடம். சாகுற வரைக்கும் மறக்காது.

அந்தத் தஞ்சாவூர் வைத்தியருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிச்சேன். "அய்யா, ஊருக்கு ஊர் பேர் வேற, தெரியாம எதையும் குடிக்காதீங்கன்னு சொல்லி, கடைசியில இலையைக் கையில குடுத்துக் காட்டினேனே, நீங்க இருந்தீங்களா?"ங்கிறாரு. நான் முன்னாடியே எந்திரிச்சு வந்தது என் தப்பாம். காட்டுறதா இருந்தா முதல்ல காட்ட வேண்டியதுதானே.

அப்புறம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு தடவை. இங்கயே ரூம் எடுத்துத் தங்கிட்டோம். உலகம்மா கரைஞ்சு போனா. கை ரெண்டும் ஊசி குத்திக் குத்திக் கன்றிப் போச்சு. தாகம்னு அழுவா, தண்ணி குடுக்கக் கூடாது. ஐஸ் கட்டி ஒண்ணை வாயில வெச்சுச் சப்பிட்டே ஜன்னலைப் பார்த்துட்டு இருப்பா. மாத்துறதுதான் வழின்னாங்க. எனக்குச் சுகர், என்னது ஆகாது. அவ தம்பிமார் ரெண்டு பேரும் போனையே எடுக்கல. எழிலுக்குப் பொருந்திச்சு.

உலகம்மா ஒரேயடியா மாட்டேன்னுட்டா. கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம்தான் ஆகுது, வயித்துல ஒண்ணும் தங்கல இன்னும், அவகிட்ட இருந்து நான் வாங்கிக்கணுமான்னு. எழில் கேட்கல. லீவு போட்டுட்டு வந்து உட்கார்ந்துட்டா.

ஒரு நா டயாலிசிஸ் ஓடிட்டிருக்கு. உலகம்மா என்னைக் கிட்ட வான்னு கண்ணக் காட்டினா. குனிஞ்சேன்.

"எழில் எதுக்குக் குடுக்குறா தெரியுதாங்க உங்களுக்கு?"ன்னா.

"பெத்த தாய்க்குக் குடுக்குறா."

"இல்ல. போன்ல நல்லதுன்னு சொல்லிட்டோமேன்னு குடுக்குறா. அவ சொன்னதுனாலதான் நான் குடிச்சேன்னு நினைச்சிட்டிருக்கா. ராத்திரி பூராவும் தூங்க மாட்டேங்கிறா. நீங்க அவகிட்டச் சொல்லிருங்க. நான் அன்னைக்கே உங்ககிட்டச் சொன்னேன்னு சொல்லிருங்க."

அவ எதைச் சொல்றான்னு உங்களுக்குத் தெரியாதுல்ல. முதல் நா டம்ளரைக் கையில வாங்கினப்பவே, அடுப்படியில கிடந்த கொடியைப் பார்த்துட்டு, "இது ஆடாதொடை இல்லங்க"ன்னா. "எங்க ஊர்ல வாய்க்கால் கரை பூராவும் ஆடாதொடைதான். ஆள் உசரத்துக்கு நிக்கும், வெள்ளையாப் பூக்கும். சின்னப் பிள்ளையில எங்கம்மா எனக்குக் குடுத்திருக்கா. இது தரையில கிடக்கிற கொடி. இது அது இல்ல"ன்னா. நான், "உங்க ஊர்ப் பேரை உங்க ஊரோட வெச்சுக்க, இங்க இதுக்குத்தான் அந்தப் பேரு, குடி"ன்னேன். குடிச்சா. அப்புறமும் ரெண்டு மூணு தடவை சொல்லியிருப்பா. கடைசியில சொல்றதை விட்டுட்டா. முப்பத்தஞ்சு வருஷமா அவ ஊர்ல அது அப்படி, அவ ஊர்ல இது இப்படின்னு சொல்றவதான். எதுக்குன்னு காது குடுக்குறது.

"நீயே சொல்லேன்"னேன்.

"நான் சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். அப்புறம் அவ உங்க மூஞ்சியில முழிக்க மாட்டா. நீங்களாச் சொன்னா அப்படி இல்ல. அதுக்கப்புறமும் அவளா குடுக்கிறேன்னா நான் வாங்கிக்கிறேன்"னா.

சரின்னேன். சொல்லத்தான் போனேன் தம்பி, சத்தியமா. கீழ கேண்டீன்ல எழிலும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தாங்க. தினகரன்னு பேரு, நல்ல பையன். நான் பின்னால வந்தது அவங்களுக்குத் தெரியல. "உங்கப்பா செஞ்சதுக்கு நீ எதுக்கு எழில் வயித்தைக் கிழிச்சுக்கணும்?"னு கேட்டுட்டிருந்தாரு. நான் அங்கயே நின்னுட்டேன்.

எழில் சொன்னா, "அப்பா என்னைக் கேட்டுட்டுத்தான் குடுத்தாரு. நான்தான் நல்லதுன்னு சொன்னேன். படம் அனுப்புங்கன்னு ஒரு தடவை கேட்டுட்டு விட்டுட்டேன். இதைத்தானே நான் படிச்சேன். இன்னொரு தடவை கேட்டிருந்தா எங்கம்மா நல்லா இருந்திருப்பா." மாப்பிள்ளை அவ கையைப் பிடிச்சிட்டு உட்கார்ந்துட்டாரு.

நான் திரும்பி மேல வந்துட்டேன். நீங்களே சொல்லுங்க. அவ ஒரு முடிவுக்கு வந்துட்டா. புருஷனும் அரை மனசா ஒத்துக்கிட்டாரு. அந்த நேரத்துல நான் போய், உங்கம்மா ஆரம்பத்துலயே சொன்னா, நான்தான் கேட்கலைன்னு சொன்னா என்ன ஆகும்? மாப்பிள்ளை கூட்டிட்டுப் போயிருப்பாரு. அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருப்பாரு. அப்புறம் உலகம்மாவுக்கு யாரு இருக்கா? நான் செஞ்சது உலகம்மாவுக்காக. எனக்காக இல்ல.

மறுநா, கிட்னி மாத்த அனுமதி குடுக்குற கமிட்டியில எழிலைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. நீங்களா விரும்பிக் குடுக்குறீங்களா, யாரும் வற்புறுத்தலையேன்னு. யாரும் வற்புறுத்தலைன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டா. நான் வெளிய உட்கார்ந்திருந்தேன். வற்புறுத்தலைதானே. நான் ஒரு வார்த்தை சொல்லல.

நேத்து சாயந்தரம் உலகம்மா கேட்டா. "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"என்ன சொன்னா?"

"'அதனால என்னப்பா, எங்கம்மாவுக்கு நான் குடுக்கிறேன்'னா"ன்னேன். வாயில அப்படித்தான் வந்துச்சு.

அழுதா தம்பி. அப்படி அழுது நான் பார்த்ததில்ல. என் கையை எடுத்து அவ கண்ணுல ஒத்திக்கிட்டா. "நீங்க சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன், உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்"னா. அப்புறம் எழில் உள்ள வந்தா. தாயும் மகளும் கட்டிப் பிடிச்சிட்டு இருந்தாங்க. இவ, "என் சாமி, உனக்குப் பெரிய மனசு"ங்கிறா. அவ, "என்னை மன்னிச்சிரும்மா"ங்கிறா. இவளுக்கு அது எதுக்குன்னு விளங்கல, சும்மா முதுகைத் தடவிட்டே இருந்தா. ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசலைங்கிறது அந்த ரூம்ல எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஜன்னல்கிட்டப் போய் நின்னுக்கிட்டேன். ஆனா காலையில ரெண்டு பேரும் நிம்மதியாத்தான் போனாங்க. அது போதாதா? சண்டை இல்ல, சத்தம் இல்ல. ஸ்ட்ரெச்சர்ல போகும்போது எழில் என்னைப் பார்த்து, "சாப்பிட்டு மாத்திரை போடுங்கப்பா"ன்னா. அந்த நிலைமையிலயும்.

சாப்பிடல இன்னும்.

இப்பச் சொல்லலாம்னு நினைக்கிறீங்களா? எடுத்திருப்பாங்களே இந்நேரம். எடுத்ததுக்கு அப்புறம் சொல்லி என்ன. பிறகு பார்த்துக்கலாம். உலகம்மா தேறி வரட்டும். இல்ல, அவளே ஒரு நா வாய்விட்டுச் சொல்லிருவா, ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசும்போது வந்துராதா. தாயும் மகளும் எத்தனை நாளைக்கு அதைப் பேசாம இருப்பாங்க. அதை நினைச்சாத்தான் காலையில இருந்து பச்சைத் தண்ணி இறங்கல.

அந்தா, மாப்பிள்ளை படியேறி வந்துட்டாரு. கொஞ்சம் தள்ளி உட்காருங்க தம்பி, அவரு உட்காரட்டும்.